யார் எழுதிய 20 லட்சம்?

2014 செப்டம்பரில் ஜீலம் கரையை உடைத்துக்கொண்டு ஸ்ரீநகருக்குள் புகுந்தபோது லால் சௌக்கில் கடைகளின் ஷட்டர்கள் தண்ணீருக்குள் மறைந்தன. சில பகுதிகளில் வெள்ளம் வடிய வாரக்கணக்கானது. மும்பைக்கு அந்த நாள் 2005 ஜூலை 26. சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. சென்னைக்கு 2015 டிசம்பர். கேரளத்துக்கு 2018 ஆகஸ்ட். ஊர் மாறுகிறது, நதி மாறுகிறது. அடுத்து நடப்பது மட்டும் மாறுவதில்லை. சேற்றை வாரிக் கொட்டிவிட்டு வியாபாரி ஓடுவது இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அல்ல, வங்கிக்கு. பாலிசி அங்கேதான் இருக்கும், இருந்தால்.

இந்தியாவில் சிறு வியாபாரி தானாகத் தேடிப் போய் இன்ஷூரன்ஸ் எடுப்பது அபூர்வம். சரக்கின் பேரில் கேஷ் கிரெடிட் கொடுத்த வங்கி, தன் கடனைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு பாலிசி எடுக்கிறது. பிரீமியம் வியாபாரியின் கணக்கில் கழிக்கப்படுகிறது. பாலிசி வங்கியின் ஃபைலுக்குள் போகிறது. வியாபாரிக்குத் தெரிவதெல்லாம் பாஸ் புத்தகத்தில் வருடத்துக்கு ஒருமுறை வரும் ஒற்றை வரிதான். எந்த ஆபத்துக்கு, எந்த முகவரிக்கு, எவ்வளவு தொகைக்கு என்பதெல்லாம் வெள்ளம் வடிந்த பிறகுதான் அவர் கண்ணில் படுகிறது.

முதல் ஆச்சரியம், பாலிசியின் பெயர். அது 'தீ' பாலிசி. புயல், வெள்ளம், நீர் சூழ்தல் எல்லாம் அதற்குள் ஓர் உட்பிரிவு. ஒரு காலத்தில் பிரீமியத்தில் கொஞ்சம் மிச்சம் பிடிக்க இந்த உட்பிரிவை வெட்டிவிடும் வசதியும் இருந்தது. பூகம்பத்துக்குத் தனியாகப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும். 2001 ஜனவரி 26 காலை கட்ச் குலுங்கியபோது, தீ பாலிசி வைத்திருந்தும் பூகம்பப் பிரிவைச் சேர்க்காதவர்கள் கையில் இருந்தது வெறும் காகிதம்தான். கட்டடம் எரிந்து விழவில்லையே, இடிந்துதானே விழுந்தது!

இரண்டாவது ஆச்சரியம்தான் பெரியது. அது பாலிசியில் இருக்கும் எண்.

உதாரணத்துக்கு 2014இன் ஒரு துணிக்கடையை எடுத்துக்கொள்ளலாம். சரக்கின் மதிப்பு 50 லட்சம். வங்கிக் கடன் வரம்பு 20 லட்சம். சரக்கு முழுவதற்கும் இன்ஷூரன்ஸ் எடுப்பதுதான் முறை. நடைமுறையில் கடன் தொகையோடு நிறுத்திக்கொள்வது சகஜம். வங்கிக்கு அதன் பணம் பத்திரமானால் போதும். வியாபாரிக்கும் பிரீமியம் குறைவு. ஆக, பாலிசியில் 20 லட்சம்.

வெள்ளத்தில் 30 லட்சம் சரக்கு நனைந்து பாழாகிறது. நனைந்ததை மூட்டையாக வாங்கிக்கொள்ள வந்தவர் தருவது 2 லட்சம். நிகர நஷ்டம் 28 லட்சம். 20 லட்சத்துக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது, எனவே 20 லட்சமாவது வரும் என்று வியாபாரி நினைக்கிறார். நியாயமான எதிர்பார்ப்பு. ஆனால் தவறு. 50 லட்சம் சரக்கை 20 லட்சத்துக்குத்தான் காப்பீடு செய்திருக்கிறார் என்றால், மீதி ஐந்தில் மூன்று பங்குக்கு அவரே இன்ஷூரன்ஸ் கம்பெனி. நஷ்டத்திலும் ஐந்தில் மூன்று பங்கை அவரே ஏற்க வேண்டும். இதற்கு 'ஆவரேஜ்' விதி என்று பெயர். 28 லட்சத்தில் ஐந்தில் இரண்டு பங்கு 11 லட்சத்து 20 ஆயிரம். இயற்கைச் சீற்றம் என்பதால் அன்றைய நிலையான தீ பாலிசிப்படி அதில் 5 சதவீதம், அதாவது 56,000 ரூபாய், வியாபாரியின் தலையில். மிச்சம் 10 லட்சத்து 64 ஆயிரம்.

அதுவும் அவர் கைக்கு வராது. பாலிசியில் வங்கியின் பெயரும் இருக்கிறது, செக் முதலில் வங்கிக்குத்தான். கடன் பாக்கி 20 லட்சம் என்றால் அது 9 லட்சத்து 36 ஆயிரமாகக் குறையும். கடையில் சரக்கு இல்லை, கையில் பணம் இல்லை, மீதிக் கடனுக்கு வட்டி ஓடுகிறது. இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஒவ்வொரு ரூபாயும் விதிப்படிதான் கழிந்தது. எல்லாவற்றையும் தீர்மானித்தது ஒரு வங்கிக் கிளையில் சில வருடங்களுக்கு முன் ஒரு படிவத்தின் கட்டத்தில் நிரப்பப்பட்ட எண். அதற்குப் பிறகு வருடா வருடம் அதே எண் புதுப்பிக்கப்பட்டது. கடை மட்டும் வளர்ந்துகொண்டே போனது.

இதற்கு மேல் சர்வேயர் வருகிறார். இன்ஷூரன்ஸ் உலகில் அதிகம் திட்டு வாங்கும் ஆசாமி இவர்தான். கம்பெனி ஊழியர் அல்ல, உரிமம் பெற்ற தனி நபர். ஆனால் ஃபீஸ் கொடுப்பது கம்பெனி. 1938ஆம் ஆண்டின் இன்ஷூரன்ஸ் சட்டப்படி குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட கிளெய்முக்கு இவர் அறிக்கை கட்டாயம். அந்த வரம்பு நெடுங்காலம் 20,000 ரூபாயாக இருந்தது. பிறகு வாகனங்களுக்கு 50,000, மற்றவற்றுக்கு 1 லட்சம் என உயர்ந்தது. சாதாரண நாட்களில் ஓர் ஊருக்கு இருக்கும் சர்வேயர்கள் போதும். ஒரே ராத்திரியில் ஆயிரக்கணக்கான கிளெய்ம்கள் வந்து விழுந்தால்? 2015 சென்னை வெள்ளத்துக்குப் பிறகு வந்த கிளெய்ம்கள் சுமார் 50,000, கேட்கப்பட்ட தொகை சுமார் 4,800 கோடி ரூபாய். அந்த மாதிரி நேரத்தில் வெளி மாநிலங்களிலிருந்து சர்வேயர்களை வரவழைக்க வேண்டியிருக்கிறது. மொழி தெரியாது, கடைவீதியின் விலை நிலவரம் தெரியாது, ரயிலும் ஓடாது.

அதுவரை சரக்கை அப்படியே வைத்திருக்க வேண்டும் என்பது கம்பெனியின் எதிர்பார்ப்பு. நாறுவதை அள்ளிக் கொட்டு என்பது நகராட்சியின் உத்தரவு. அரிசி மண்டிக்காரரோ மருந்துக்கடைக்காரரோ இரண்டில் எதற்குக் கட்டுப்படுவது? கொட்டிவிட்டால் நஷ்டத்துக்குச் சாட்சி இல்லை. கொட்டாவிட்டால் பக்கத்துக் கடைக்காரர்களே சண்டைக்கு வருவார்கள். இப்போது செல்போன் புகைப்படமும் வீடியோவும் ஓரளவு இந்தச் சிக்கலைத் தீர்த்திருக்கின்றன. 2005இல் மும்பைக் கடைக்காரர்களுக்கு அந்த வசதி எத்தனை பேருக்கு இருந்திருக்கும்!

சர்வேயர் கேட்கும் முதல் காகிதம் கணக்குப் புத்தகம். அது சரக்கோடு சேர்ந்து மூழ்கியிருக்கும், கம்ப்யூட்டரும் அப்படியே. எனவே வெளியே தேடுகிறார். வங்கிக்கு வியாபாரி மாதாமாதம் கொடுத்த சரக்கு அறிக்கை ஒரு பக்கம், வரி அலுவலகத்துக்குக் கொடுத்த கணக்கு இன்னொரு பக்கம். இந்திய வியாபாரத்தின் பழைய ரகசியம் ஒன்று இங்கே அம்பலமாகிறது. கடன் அதிகம் கிடைக்க வங்கியிடம் சரக்கைக் கூட்டிச் சொல்லியிருப்பார்கள். வரி குறைய அடுத்த கட்டடத்தில் குறைத்துச் சொல்லியிருப்பார்கள். இரண்டு கணக்கும் ஒரே மேஜையில் சந்திக்கும் நாள், வெள்ளம் வடிந்த மறுவாரம்.

எந்தக் கணக்கை எடுத்தாலும் வியாபாரிக்கு இடி. குறைந்த கணக்கை எடுத்தால் நனைந்த சரக்கின் மதிப்பே சுருங்கிவிடுகிறது. பெரிய கணக்கை எடுத்தால் காப்பீடு போதாது என்று ஆவரேஜ் விதி கத்தியை நீட்டுகிறது. நேர்மையாக ஒரே கணக்கு வைத்திருந்தவர்கூட, பக்கத்துக் கடைகளில் இதைப் பார்த்துவிட்டு வரும் சர்வேயரின் சந்தேகப் பார்வைக்குத் தப்ப முடியாது. ஜி.எஸ்.டி. வந்த பிறகு கொள்முதல் விவரங்கள் அரசின் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கின்றன. தண்ணீர் தொட முடியாத முதல் கணக்குப் புத்தகம் அதுதான்.

முகவரிப் பிரச்சினை வேறு. தீபாவளிச் சரக்கைப் பின் தெரு கோடவுனில் இறக்கியிருப்பார்கள். பாலிசியில் கடை முகவரி மட்டும் இருக்கும். கோடவுன் மூழ்கினால் காசு இல்லை.

பிறகு வார்த்தைச் சண்டை. 2003இல் ராஜஸ்தானில் கொட்டிய கன மழையில் ஒரு சிமெண்ட் ஆலையின் நிலக்கரிக் குவியல் அடித்துச் செல்லப்பட்டது. வந்தது மழைதானே, வெள்ளம் இல்லையே என்றது இன்ஷூரன்ஸ் தரப்பு. பாலிசியில் 'மழை' என்ற வார்த்தை இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. நதி கரை புரண்டால்தான் வெள்ளம் என்று குறுக்கிப் பொருள் கொள்ள வேண்டியதில்லை, மழை நீர் தேங்கிப் பெருகுவதும் அதில் அடங்கும் என்ற அர்த்தத்தில் 2020 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. 2003 மழைக்கு 2020இல் விளக்கம். சிமெண்ட் ஆலைக்கு 17 வருடம் வழக்கு நடத்தத் தெம்பு இருந்தது. துணிக்கடைக்கு இருக்குமா?

கம்பெனிகளின் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது சரியல்ல. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பின்னும், ஒரு துளி நனையாத கடைகளிலிருந்தும் கிளெய்ம் வரும். பழைய, விற்காத சரக்கெல்லாம் ஒரே ராத்திரியில் புதுச் சரக்காகிவிடும். கேட்டதையெல்லாம் கொடுத்தால் அடுத்த வருடம் பிரீமியம் எல்லோருக்கும் ஏறும். மேலும், கம்பெனி தரும் பணம் முழுதும் அதன் சொந்தப் பணம் அல்ல. பெரிய பேரழிவுகளின் சுமையை அது ஜி.ஐ.சி. ரீ போன்ற மறுகாப்பீட்டு நிறுவனங்களோடும், அவை வழியே உலகச் சந்தையோடும் பகிர்ந்துகொள்கிறது. அந்த ஒப்பந்தங்களில் எத்தனை மணி நேரத்துக்குள் நடப்பது 'ஒரே சம்பவம்' என்றுகூட எழுதப்பட்டிருக்கும். நவம்பரில் ஒரு மழை, டிசம்பரில் ஒரு மழை என்றால் அது ஒரு சம்பவமா, இரண்டா? பதிலைப் பொறுத்து கோடிகள் கை மாறும். மும்பையில் கோப்பு தாமதமாவதற்குச் சில சமயம் காரணம் ஜுரிச்சில் இருக்கிறது.

ஆனாலும் இந்தியாவில் இயற்கைச் சீற்றத்தால் எந்தப் பெரிய இன்ஷூரன்ஸ் கம்பெனியும் மூழ்கிவிடவில்லை. சாமர்த்தியம் மட்டும் காரணம் அல்ல. இங்கே ஏற்படும் நஷ்டத்தில் மிகப் பெரும் பகுதிக்கு இன்ஷூரன்ஸே கிடையாது. 1999 அக்டோபர் 29 அன்று ஒரிசாவைச் சூறையாடிய புயலில் இடிந்த மண் குடிசைகளுக்கு யார் பாலிசி எழுதினார்கள்? அந்த நஷ்டம் எந்தக் கம்பெனியின் கணக்கிலும் ஏறவில்லை.

விதிகள் மாறாமல் இல்லை. 1973இல் 107 கம்பெனிகளை நான்காகச் சுருக்கி அரசு நடத்திய காலத்தில், கிளெய்மை இத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று கேட்க ஆள் இல்லை. ஒழுங்குமுறை ஆணையம் வந்த பிறகு 2002இல் முதல் கெடு விதிக்கப்பட்டது. தகவல் வந்த 72 மணி நேரத்தில் சர்வேயர், அவர் அறிக்கைக்கு 30 நாள், பிறகு முடிவுக்கு 30 நாள். தாமதித்தால் வட்டி. 2024 ஜூன் சுற்றறிக்கை இதை இன்னும் இறுக்கியது. 24 மணி நேரத்தில் சர்வேயர், 15 நாளில் அறிக்கை, அடுத்த 7 நாளில் முடிவு. காகிதம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக கிளெய்மை நிராகரிக்கக்கூடாது என்றும் சொன்னது. பேரிடர் வரும்போதெல்லாம் தனி அதிகாரி, முகாம், தொலைபேசி உதவி என்று ஆணையம் உத்தரவிடுவதும் வழக்கமாகிவிட்டது. அதே 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் மலை சரிந்தபோது, கிளெய்ம்களைச் சீக்கிரம் முடிக்கும்படி அரசுக் கம்பெனிகளுக்கு மத்திய நிதி அமைச்சகமே சொன்னது.

காகிதத்தில் கெடு இருக்கிறது. ஆனால் கெடுவுக்குள் வரும் தொகை சரியான தொகைதானா என்பது வேறு கேள்வி. பசியோடு இருப்பவர் முன்னால் பாதித் தொகைக்கான ரசீது நீட்டப்படும்: 'முழுமையாகவும் இறுதியாகவும் பெற்றுக்கொண்டேன்'. கையெழுத்துப் போடுகிறார், வேறு வழி? அப்படிப் போட்ட கையெழுத்தே எல்லாக் கதவையும் மூடிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 1999இலேயே சொல்லிவிட்டது. நிர்ப்பந்தத்திலோ ஏமாற்றியோ வாங்கியதென்று காட்டினால் நுகர்வோர் நீதிமன்றம் போகலாம். சர்வேயர் அறிக்கை வேதவாக்கு அல்ல என்று 2009இல் இன்னொரு தீர்ப்பு. இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் வக்கீல் இல்லாமல், கட்டணம் இல்லாமல் முறையிடலாம். 50 லட்சம் ரூபாய்வரை அவர் தீர்ப்பளிக்க முடியும். தனி உரிமையாளர் கடைகளும் போகலாம். லால் சௌக்கிலோ எர்ணாகுளத்திலோ இது எத்தனை கடைக்காரர்களுக்குத் தெரியும் என்பது வேறு விஷயம்.

அந்த எண்ணின் விஷயத்திலும் ஒரு மாற்றம் வந்தது. 2021 ஏப்ரல் 1 முதல் 5 கோடி ரூபாய்வரை சொத்துள்ள சிறு தொழில்களுக்கு 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற பாலிசி. இதில் காப்பீடு 15 சதவீதம்வரை குறைவாக இருந்தால் ஆவரேஜ் விதி தலை காட்டாது. நல்லதுதான். ஆனால் 50 லட்சம் சரக்குக்கு 20 லட்சம் எழுதிய கடைக்கு இது உதவாது. அங்கே குறைவு 60 சதவீதம்.

வீடுகளுக்கு அதே நாளில் வந்த 'பாரத் கிருஹ ரக்ஷா' இன்னும் தாராளம். ஆவரேஜ் விதியே கிடையாது. தீ, வெள்ளம், புயல், பூகம்பம், நிலச்சரிவு எல்லாம் ஒரே பாலிசியில் அடங்கும். கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய்வரை வீட்டுச் சாமான்களுக்கும் தானாகவே காப்பீடு உண்டு. இருந்தும் வாங்குபவர்கள் குறைவு. இங்கே குழப்பம் நிலத்தின் விலையில். ஒரு கோடி கொடுத்து வாங்கிய ஃபிளாட்டை ஒரு கோடிக்கு இன்ஷூர் செய்ய வேண்டும் என்று நினைத்து, பிரீமியத்தைப் பெரிதாகக் கற்பனை செய்து பின்வாங்குகிறார்கள். உண்மையில் காப்பீடு செய்ய வேண்டியது மீண்டும் கட்ட ஆகும் செலவை மட்டும்தான். நிலத்துக்குக் காப்பீடு கிடையாது.

நிலம் எங்கே போய்விடப் போகிறது என்ற நினைப்பில் எழுதிய விதி இது. முண்டக்கையிலும் சூரல்மலையிலும் நிலமே போயிற்று. அங்கே ஒருவரிடம் முறையான வீட்டு பாலிசி இருந்து, முழுத் தொகையும் கிடைத்தாலும், அது செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் உள்ள பணம். கட்டுவதற்கு இடம் வேறு எங்காவது வாங்க வேண்டும், அல்லது அரசு தர வேண்டும்.

நஷ்டத்தை அளப்பதை விட்டுவிட்டு மழையை அளந்தால் என்ன என்பது இப்போது புதிதாகப் பேசப்படும் யோசனை. குறித்த அளவுக்கு மேல் மழை பெய்தாலே பணம். சர்வேயர் வேண்டாம், கணக்குப் புத்தகம் வேண்டாம். 2024இல் நாகாலாந்து அரசு இப்படியான ஏற்பாட்டுக்கு ஒப்பந்தம் போட்டது. பணம் சீக்கிரம் வரும். ஆனால் வருவது அரசுக்கு. கோஹிமாவில் சுவர் இடிந்த வீட்டுக்காரர் அதில் தன் பங்கைக் கேட்டு மனு எழுத வேண்டும்.

இன்று நடுத்தர வர்க்கத்தில் வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் வீட்டுக் கடன் வாங்கியவர்கள். கடைக்காரருக்கு நடந்ததுதான் இங்கேயும். வங்கி சொன்னது, இவர் கையெழுத்துப் போட்டார். 15, 20 வருடத்தில் கடன் அடைகிறது. வங்கி பத்திரங்களைத் திருப்பிக் கொடுக்கிறது, வீட்டில் பாயசம் வைக்கிறார்கள். அந்த வருடத்தோடு இன்ஷூரன்ஸும் நின்றுபோகிறது. பாலிசியைப் புதுப்பிக்கச் சொல்லி வங்கியிலிருந்து இனி கடிதம் வராது.